மூலை நாற்காலியைக் கூப்பிட்ட குரல்

அந்தக் குடும்ப கிளினிக்குக்கு வருகிறவர்கள் மணியக்காவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடுவார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் பினாயில் வாசனை, அடுத்து வரவேற்பு மேசையிலிருந்து அவள் குரல். சத்தமான குரல் இல்லை. ஆனாலும் கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவர்கூடத் தலையை நிமிர்த்துவார். பித்தளை மணியை நகத்தால் சுண்டினால் ஒரு நாதம் எழுமே, அது போல என்று எப்போதோ யாரோ சொல்லப்போக, பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோய்விட்டது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கட்டடம் முன்பு மரச்சாமான் கடையாக இருந்தது. பெரிய கண்ணாடி முகப்பும் உயரமான கூரையும் அப்படியே இருக்க, உள்ளே பலகைத் தடுப்பு வைத்து அறைகள் பிரித்திருந்தார்கள். கட்டில்கள் விற்ற இடத்தில் இப்போது பரிசோதனைக் கட்டில்கள் கிடந்தன. "கட்டில் அப்படியேதான் இருக்கு, படுக்கிற காரணம்தான் மாறிப்போச்சு" என்பார் கட்டுக்காரர். காயங்களைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிற வேலை அவருடையது. அடுத்தவர் அழும்போது சிரிக்க வைப்பது அவராக எடுத்துக்கொண்ட வேலை.

கைக்குழந்தை முதல் கோல் ஊன்றி வருகிறவர் வரை எல்லாருக்கும் ஒரே கதவு. காலையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அந்த நேரத்தில் கூடம் சந்தைக்கடை. அது ஓய்ந்ததும் பிள்ளைத்தாய்ச்சிகள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வருவார்கள். பிறகு சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு நர்ஸ் சைக்கிளில் போய்வருவாள். வியாழக்கிழமை மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டர் வெளியிலிருந்து வருவார். கடைசியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை. மனது சரியில்லாதவர்கள் வந்து பேசிவிட்டுப் போகிற அறை அது. அந்த அறைக்கு யாரையும் மணியக்கா வாய்விட்டுக் கூப்பிட மாட்டாள். எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்று, நாற்காலியின் கைப்பிடியை மெல்லத் தொடுவாள். அது போதும்.

மற்றவர்களைக் கூப்பிடுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை எல்லாரையும் போலத்தான் கூப்பிடுவாள். தயாராக வந்தவர்கள் அதற்கே எழுந்துவிடுவார்கள். எழாதவர்கள் காது கேளாதவர்கள் என்று ஊர் நினைக்கும். அவர்களில் பாதிப் பேருக்குக் காது நன்றாகவே கேட்கும், காலுக்குத்தான் பயம் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டாவது தடவை குரலைத் தாழ்த்தி, இழுத்து, நீங்கள் எழுந்திருக்கும் வரை நான் இங்கேயே நிற்கிறேன் என்பது போல் கூப்பிடுவாள். அதற்கு எழாதவர்களை அவள் பார்த்தது அபூர்வம். மூன்றாவது அழைப்பு அவளுக்குப் பிடிக்காது. அது கூப்பிடுவது ஆகாது, அதட்டுவது ஆகிவிடும் என்பாள்.

நாள் குறித்துக்கொண்டு போகிறவர்கள் வராமல் போவதுதான் கிளினிக்கின் பெரிய தலைவலி. தடுப்பூசியின் இரண்டாவது தவணைக்கு வர மாட்டார்கள். மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று பிரஷர்காரர்கள் இருந்துவிடுவார்கள். எல்லாருக்கும் போன் செய்து நினைவுபடுத்த ஆள் போதாது என்று மேனேஜர் ஓர் இயந்திரத்தை வாங்கி வைத்தார். யாருக்கு எந்த நாள் என்பதைப் பார்த்து அது தானாகவே கூப்பிடும். பதிலுக்கு அவர்கள் "வரேன்" என்று சொன்னால் புரிந்துகொள்ளும். சொல்லாவிட்டால் பிறகு மறுபடி கூப்பிடும். பேசுவதற்கு ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான். யாருடைய குரல் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கிளினிக் திறப்பதற்கு முன்னால், தெருச் சத்தம் தொடங்காத காலை வேளையில், வெறும் கூடத்தில் அவளை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். எதிர்காலத்தில் உதவும் என்று மேனேஜர் எல்லாவற்றையும் சொல்ல வைத்தார். வணக்கம் சொல்ல வைத்தார். கூடத்தில் கூப்பிடுவது போலவே மூன்று விதமாகவும் கூப்பிட வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் போனில் கேட்பதற்காகச் சில ஆரோக்கியக் குறிப்புகள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடாமல் வந்து காட்டுங்கள் என்பதும் அதில் ஒன்று.

முதலில் அவளுக்கு வரவே இல்லை. ஆளில்லாத கூடத்தைப் பார்த்துப் பேசினால் குரல் கட்டை போல் வந்து விழுந்தது. அதனால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த மூலை நாற்காலியைப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு பெண் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். அவளிடம் சொன்னாள். குரல் தானாக இளகிவிட்டது. எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒரு வாக்கியமும் சேர்ந்து வந்தது: "பயப்படாம வாங்க, நான் இங்கதான் இருப்பேன்." அது நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் அப்படியே வைத்துக்கொண்டார்.

வேலைக்கு வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கட்டுக்காரர், யாரைப் பார்த்து அப்படி உருகினாய் என்று கேட்டார். அவள் மூலையைக் காட்டிச் சொன்னாள்.

"முகம் எப்படிக்கா இருந்துச்சு?"

"முகம் தெரியல. குனிஞ்சிருந்தா."

"அப்ப பேய்தான்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சு எடுக்கப் போனார் கட்டுக்காரர்.

இயந்திரம் வந்ததும் நிஜமாகவே ஜனங்கள் திரும்பி வந்தார்கள். மணியக்கா கூப்பிட்டாள், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை என்றார்கள். அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் குரல் எத்தனையோ வீடுகளில் பேசிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் அதை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. சளி போயிற்று, கம்மல் போகவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். பேச்சைக் குறைத்தாள். கதவை மணலில் இழுப்பது போல ஒரு கரகரப்பு அப்படியே தங்கியது. மழை நின்று, வெயிலும் ஏறிவிட்டது. மாலை நேரங்களில் குரலே வராமல் காற்று மட்டும் வரத் தொடங்கியது. மணிக்கு நாக்கு விழுந்துவிட்டதாகக் கட்டுக்காரர் ஒரு நாள் கேலி செய்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். வாய் ஓயாத அத்தை. அவளுக்கும் இப்படித்தான் தொண்டை கம்மியது. பிறகு கழுத்தில் ஓட்டை போட்டார்கள். சின்ன வயதில் மணியக்கா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஓட்டையின் மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறாள். அத்தை எதையோ சொல்ல வாயைத் திறப்பாள். துணி மட்டும் அசையும். அப்போது பிடித்த பயம் இத்தனை வருஷம் எங்கேயோ மடித்து வைத்தது போல் கிடந்து, இப்போது மடிப்புக் கலையாமல் வெளியே வந்தது. வந்து காட்டுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் காட்டப் போகவில்லை. காட்டாத வரை அது சளிதான்.

கூடத்தில் கூப்பிட அவளுக்குக் குரல் இல்லாமல் போனதும், மேனேஜர் பதிவு செய்து வைத்திருந்ததைக் கூடத்துக்கும் இணைத்துவிட்டார். டாக்டர் மேசைக்கு அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டியிருந்த ஒலிபெருக்கி டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். ஆள் உள்ளே வராவிட்டால் சிறிது பொறுத்து இரண்டாவது விதமாகக் கூப்பிடும். அப்படியும் வராவிட்டால் மூன்றாவது. அவளுக்கு உதவி என்று நினைத்துத்தான் அவர் செய்தார். அவள் வாயை மூடிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே அவள் பேசினாள். தடுப்பூசிக்கு வந்த ஒரு குழந்தை அவள் உதட்டையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்று ஊசி போடுவதற்கு முன்பே அழுத குழந்தை அது ஒன்றுதான்.

போனில் அதைவிட மோசம். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர், சர்க்கரைக்காரர், நேரம் மாற்றக் கூப்பிட்டார். அவள் பேசியதும், அந்தப் பெண்ணிடம் கொடு என்றார். நான்தான் ஐயா என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார்.

"யார்கிட்ட கதை விடற? நேத்துதான் அவ எனக்கு போன் பண்ணா. அவ குரல் எனக்குத் தெரியாதா?"

அவள் போனைக் கட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். போகிற வழியில் மூலை நாற்காலி இருந்தது. அதன் பக்கம் பார்க்காமல் போனாள்.

ஒரு மதியம், சாப்பாட்டுக்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் பின்கட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். விழுங்கும்போது தொண்டை குத்தியது. தலைக்கு மேலே குரல் கேட்டது: "அடுத்தவங்க உள்ள வாங்க." கூடத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் பச்சை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சிறிது நேரம் கழித்து மறுபடி, தாழ்ந்த குரலில், இழுத்து, அந்த இரண்டாவது அழைப்பு வந்தது. அவள் கையில் கவளம் அப்படியே நின்றது. சாப்பிடப் போகாமல் டாக்டர் அறையைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவின் துணி பொத்தானில் பட்டிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்து தானாகத் திரும்பி மூலையைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் கூப்பிடுகிற குரலுக்கு அங்கே யாரோ இருப்பது நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மூன்றாவது அழைப்பு வருவதற்குள் அவள் டப்பாவை மூடிவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றுகொண்டாள்.

அந்த வாரத்தில்தான் தையல்காரர் வீட்டம்மா வந்தாள். தையல்காரர் நெஞ்சு நோய்க்காகப் பல வருஷம் அங்கே வந்துகொண்டிருந்தவர். போன மாதம் வீட்டிலேயே காலமாகிவிட்டார். கிளினிக்கில் யாருக்கும் சேதி வரவில்லை. இயந்திரத்துக்கு வருவதற்கு வழியே இல்லை. அந்த அம்மா மேசைக்கு முன்னால் நின்று, சண்டை போட வந்தவள் போல இல்லாமல், சந்தேகம் கேட்க வந்தவள் போலக் கேட்டாள்.

"ஏம்மா, அவரை இன்னும் கூப்பிட்டுட்டே இருக்கியே. வரலையேன்னு கேக்கற. பயப்படாம வாங்க, நான் இங்கதான் இருப்பேன்னு சொல்ற."

மணியக்கா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சுக்கோங்கம்மா என்று உதடு அசைந்தது. அந்த அம்மா குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ சொல்ற இங்கங்கறது எதும்மா? அவர் இருக்கற பக்கமா?"

மணியக்கா பிடித்த கையை விடவில்லை. மேனேஜர் ஓடி வந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, அப்போதே அந்த எண்ணை எடுத்துவிட்டார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். போகும்போது மேசையில் நிற்கிறவளைப் பார்க்கவில்லை, மேலே ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று அவள் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் டயர் கடையில் வேலை செய்கிறவர். பேச்சு குறைவு. சக்கரம் கழற்றுகிறவனுக்கு வாய் எதற்கு, கை போதும் என்பார். பேசுவதெல்லாம் அவள்தான். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். அதுதான் அவர்கள் குடித்தனம். குரல் கம்மியதிலிருந்து வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் போன். அவர் எதுவும் பேசவில்லை. போனிலிருந்து அவள் குரல் மெல்லியதாகக் கசிந்தது. பழைய குரல். மழைக்கு முந்திய குரல். பிரஷர் பார்க்க வரச் சொன்னது. "வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றது. அவர் சொல்லவில்லை. சரி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அது வைத்துவிட்டது. அவர் போனைக் கீழே வைக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குள் தனக்கு முன்பே யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பிறகுதான் விஷயம் உறைத்தது. அவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது. மாத்திரையும் தீர்ந்திருக்கும்.

"எத்தனை தடவைங்க இப்படி?" என்றாள். பாதிதான் வெளியே வந்தது.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். திருடித் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளை போல நின்றார். மறைக்கத் தெரியாத மனுஷன்.

"வரேன்னு சொல்லிட்டா அது அப்புறம் கூப்பிடறதில்ல" என்றார். "நீயும் இப்ப பேசறதில்ல. அதான்."

அவள் முகம் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் டாக்டரம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். தலைவலியிலிருந்து தலைச்சன் பிள்ளை வரை அந்த வட்டாரத்துக் குடும்பங்களை எல்லாம் பார்க்கிற டாக்டர் அவர். இவ்வளவு நாள் விட்டதே என் தப்பு என்றார். நீயாகப் போவாய் என்று பார்த்தேன், போகவில்லை என்றார்.

"மூணு வாரத்துக்கு மேல கம்மல் இருந்தா வந்து காட்டுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

"அது நான் இல்ல டாக்டர். மெஷின்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வியாழக்கிழமைக்கு அவள் பெயரைத் தானே பதிந்தார். சாதாரணக் காய்ப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், உள்ளே குழாய் விட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, வேறாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் கணக்கு என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வியாழக்கிழமை வந்ததும் தலைவலி என்று சேதி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள்.

தப்பித்த நிம்மதி அன்று மதியம் வரை இருந்தது. அதற்கு மறுநாளும் அவள் போகவில்லை. வீட்டுக்காரர் கடைக்குப் போனதும் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வராதவர்களை அது கூப்பிடும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தன்னையும் கூப்பிடும் என்பது மட்டும் ஏனோ தோன்றவில்லை. போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"வணக்கம். நம்ம குடும்ப கிளினிக்லேருந்து பேசறேன். போன தடவை உங்களால வர முடியல போல. பரவாயில்ல. பயப்படாம வாங்க, நான் இங்கதான் இருப்பேன். வர்றதா இருந்தா, வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பின்னங்கழுத்தில் மயிர் சிலிர்த்தது. அது பதிவு செய்தது என்றும், அந்தக் காலை வேளையில் தான் பேசியது என்றும் மனது சொல்லிப் பார்த்தது. காது நம்பவில்லை. போனின் அந்தப் பக்கத்தில் நல்ல தொண்டையோடு, நோய் நொடி இல்லாமல், ஒருத்தி காத்திருந்தாள். நாம் இரண்டு பேரில் எவள் மிஞ்சப்போகிறவள் என்று மணியக்காவுக்குத் தோன்றியது.

"வரேன்" என்றாள். காற்றுதான் போனது.

"சரியா கேக்கல. மறுபடி சொல்லுங்க."

தொண்டையைச் செருமினாள். அடிவயிற்றிலிருந்து இழுத்துச் சொன்னாள். தகரத்தில் கல் உரசிய சத்தம் ஒன்று எழுந்து அடங்கியது.

"சரியா கேக்கல" என்றது அவள் குரல், கோபமே இல்லாமல். "இப்ப முடியலன்னா பரவாயில்ல. அப்புறம் கூப்பிடறேன்."

அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்து, மேலே தலையணையைப் போட்டாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அத்தையின் நினைவு வந்தது. அத்தை வாயைத் திறந்து திறந்து மூடியதெல்லாம், எதிரில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்காத ஒரு "வரேன்" தானோ? அத்தையும் பயந்துபோய்த் தாமதமாகத்தான் போனாள் என்று வீட்டில் பேசிக்கொண்டதும் கூடவே நினைவு வந்தது. அதை இத்தனை நாள் அவள் நினைக்காமல் விட்டிருந்தாள். கழுத்து ஓட்டை மட்டும்தான் நினைவில் நின்றிருந்தது.

வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் இலக்கில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் ஒளிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது, அத்தை, தான் போகாமல் இருந்தது எல்லாவற்றையும், விட்டு விட்டு வந்த குரலில் சொன்னாள். புரியாத இடத்தில் அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் சாப்பிடவில்லை. கையில் ஒட்டியிருந்த டயர்க் கறுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

தலையணைக்குக் கீழே போன் அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவர் போய் எடுத்தார். அந்தக் குரலைக் கேட்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று அவள் பார்த்தாள். வரவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் வரோம்" என்றார்.

"சரியா கேக்கல. மறுபடி சொல்லுங்க."

"செவிட்டு முண்டம்" என்று முணுமுணுத்துவிட்டு, தெளிவாக, அதட்டலாகச் சொன்னார்: "வரேன்."

"நன்றி. காத்துக்கிட்டிருப்பேன்" என்றது அது.

அவர் தன் போனையும் எடுத்து, அவளைப் பார்த்துக்கொண்டே மேசையில் வைத்தார். அதிலும் வந்தால் வரேன் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். "எனக்கு இந்தக் கரகரப்பே போதும். கேக்க ஆள் இருந்தா சரி" என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

வியாழக்கிழமை கண்ணாடிக் கதவை அவள் நோயாளியாகத் தள்ளினாள். மேசையில் கட்டுக்காரர் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா வரிசையில் நிற்கலாமா என்று சொல்லிக்கொண்டே ஒரு டோக்கனை நீட்டினார். கூடம் நிறைந்திருந்தது. வீட்டுக்காரரைப் பிரஷர் பார்க்கிற அறைக்குப் பிடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மூலை நாற்காலி.

கொஞ்ச நேரம் நின்றாள். கால் வலித்தது. போய் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் கூடம் வேறாக இருந்தது. வரவேற்பு மேசை தூரத்தில், சின்னதாக. இவ்வளவு வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு இந்தப் பக்கம் இப்படி இருக்கும் என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவள்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எண் வந்தது. "உள்ள வாங்க" என்றது குரல்.

அவள் எழவில்லை. காது நன்றாகவே கேட்டது. முழங்காலுக்குக் கீழே கால்கள் அவளுடையவை இல்லை. குனிந்து பார்த்தாள். மடியில் பை இருந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பையும், குனிந்த தலையும், எழ மனமில்லாத உடம்பும். அன்றைக்குக் காலையில் ஆளில்லாத கூடத்தில் யாரைப் பார்த்து உருகினாளோ அவள் இவள்தான். முகம் தெரியாமல் போனது இதனால்தானா? மேசைப் பக்கம் நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தால் அங்கே கட்டுக்காரருக்குப் பதிலாக, நல்ல குரலோடு வேறொருத்தி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று.

இரண்டாவது அழைப்பு வந்தது. தாழ்ந்து, இழுத்து, எழுந்திருக்கும் வரை நிற்கிறேன் என்கிற அழைப்பு. அதில் இருந்த கனிவு எவ்வளவு என்பதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். எதிர்முனையில் உட்கார்ந்தால்தான் அது கேட்கும். இதற்கும் எழாதவர்களைத் தான் பார்த்தது அபூர்வம் என்பது நினைவு வந்தது. மூன்றாவது அழைப்பைத் தன் குரலிலேயே கேட்க அவள் விரும்பவில்லை.

எழுந்தாள். பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். மேசையைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தாள். கட்டுக்காரர்தான். கைப்பிடியை மெல்லத் தொடுவது போல, மேசையின் விளிம்பை ஒரு தடவை தொட்டுக் காட்டினார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார். முன்னால் இருந்த சின்னத் திரையில் ஈரமான, சிவந்த ஒரு குகை தெரிந்தது. உள்ளே இரண்டு வெளிறிய கீற்றுகள். ஒன்றின் மேல் அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன், ஒரு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார் அவர். ஆனால் அந்தக் கீற்று இன்னும் அசைகிறது, அது நல்லது, எழுந்து வந்ததும் நல்லது என்றார். அந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, ஏனோ, போனை எடுத்தபோது இருந்த பயம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"ஈன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சொன்னாள். திரையில் கீற்றுகள் நடுங்கிக் கிட்டே வந்து, சரியாகச் சேராமல் நின்றன. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அவளுடைய சத்தம்.

பலகைத் தடுப்புக்கு வெளியே, மணி போன்ற குரலில், அவள் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.